சர்வீஸுக்குப் பதினேழு பேன்ட்

எந்தச் செலவையும் பேன்ட் கணக்கில்தான் பார்ப்பார் அந்தத் தையல்காரர். வீட்டு வாடகை இத்தனை பேன்ட், மின்சாரக் கட்டணம் இத்தனை பேன்ட், போன வருஷம் பல் பிடுங்கியதற்கு மூன்று பேன்ட். ஒரு பேன்ட் தைத்தால் கைக்கு வரும் கூலிதான் அவருடைய நாணயம். ஆகவே, மோட்டார் சைக்கிள் கம்பெனி ஷோரூமில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரைத் தட்டி ஒரு தொகையைச் சொன்னபோது, தையல்காரர் கண்ணை மூடி அதை மனதுக்குள் வெட்டித் தைத்துப் பார்த்தார். ஆறு பேன்ட்.

"ஆறா!" என்றார் வாய் தவறி.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல, எழுதுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் ஷோரூம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டது மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனிக்கட்டையாக இருக்கிறான். இருவருக்கும் நடுவில் காசுப் பேச்சே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு பேன்ட் இவர் தைத்துக் கொடுப்பார், வண்டியை அவன் பார்த்துக்கொள்வான். ராத்திரிச் சாப்பாடு மட்டும் அக்கா கையால். கையில் கிரீஸ் வாசனையோடு வந்து உட்கார்ந்தான் என்றால் பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த ஏற்பாடு ஒரு பேன்ட்டால் கிழிந்தது. புதிதாகத் தைத்ததைப் போட்டுப் பார்த்தான் மச்சினன். பித்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. எக்கிப் பார்த்தான், மூச்சைப் பிடித்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்க மறுத்தன.

"இடுப்பு பத்தல மாமா. அளவு தப்பிடுச்சு போல."

சொன்னது தனியாக இருக்கும்போது என்றால் பரவாயில்லை. கடையில் நாலு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். முப்பது வருஷம் டேப்பும் கழுத்துமாக நின்ற மனிதர், நாலு பேர் முன்னால் அளவு தப்பு என்று கேட்டால் எப்படிச் சும்மா இருப்பார்?

"அளவெல்லாம் சரிதான் மாப்ள. உன் வயிறுதான் தப்பு. உங்க அக்கா போட்டுப் போட்டு உன்னை மூட்டையாக்கி வச்சிருக்கா."

நாலு பேரும் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. பேன்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இனிமே நான் இந்தப் பக்கம் வந்தா ஏன்னு கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான்.

இதில் உண்மை ஒன்று இருக்கிறது. அவர் வாயால் வராது, நாமே சொல்லிவிடலாம். அந்தப் பேன்ட்டுக்கு அவர் அளவே எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவன் வந்தால் இரண்டு தடவை டேப் வைப்பார். மச்சினனுக்கு எதற்கு டேப் என்று, மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவு நோட்டைப் பார்த்து வெட்டிவிட்டார். போன வருஷம் தைத்ததும் அதே நோட்டுதான். அதை அவன் எக்கிக்கொண்டே போட்டுத் திரிந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவருக்கு எல்லாம் தெரியும். உள்தையலில் துணி விட்டுத்தான் தைத்திருந்தார், பிரித்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. ஆனால் பிரித்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "என் தம்பி இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் என்கிட்ட அது நல்லாருக்கு இது நல்லாருக்குன்னு பேச்சே வேணாம். போடறதைச் சாப்பிட்டுட்டு எழுந்திருங்க." அதிலிருந்து வீட்டில் பேச்சு தந்தி மாதிரி ஆகிவிட்டது. 'சாப்பாடு ரெடி.' 'பால் தீர்ந்துபோச்சு.' தினமும் ராத்திரி தம்பியின் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துவைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் அதை மறுபடி அலமாரியில் வைப்பாள். அந்தக் காலித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் இவர் சாப்பிட வேண்டும். அவன் வரவேண்டும் என்று அவளைவிட அவருக்கு ஆசை. ஆனால் கூப்பிட்டால் மீசையில் மண் ஒட்டிவிடும்.

இதற்கிடையில் வண்டி இரும ஆரம்பித்தது. காலையில் பத்து உதை வாங்காமல் எழுந்திருக்கமாட்டேன் என்றது. மச்சினன் கடை வழியாகத் தள்ளிக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை. சுற்றுப்பாதையில் ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார், முதுகெல்லாம் வேர்வை.

வெறும் கையோடும் வரவில்லை. பெரிய ஷோரூமில் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள் என்று யாரோ காதில் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, வண்டியில் நாற்பத்தொரு இடத்தில் இரகசிய அடையாளம் போட்டிருந்தார். பெட்ரோல் டாங்கிக்கு அடியில், சக்கரத்தின் உள்விளிம்பில், செயின் மூடிக்குள்ளே, சைலன்ஸர் வளைவில். ஒவ்வொரு இடத்தையும் அளவு நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். எவன் எதை மாற்றினாலும் மாட்டிக்கொள்வான். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வண்டியை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து வேலையில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு முதல் போன் வந்தது. அப்போது ஒருவருக்குக் கோட்டைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், வாய் நிறைய குண்டூசி.

"சார், செயின் செட் தேஞ்சிருக்கு. மாத்திடலாமா?"

இதற்கு என்ன செலவாகும் என்று கேட்க நினைத்தார். வாயைத் திறந்தால் குண்டூசி தொண்டைக்குள் போய்விடும்.

"ம்ம்," என்றார் கேள்வியாக.

"நன்றி சார். அப்ரூவல் போட்டுடறேன்."

ஐந்து பேன்ட். மத்தியானம் பிரேக் ஷூவுக்கு ஒரு போன், இரண்டு பேன்ட். அப்போதும் குண்டூசிதான். மூன்று மணிக்குக் கிளட்ச் கேபிள், பிளக், ஏர் ஃபில்டர் என்று ஒரு போன். அப்போது வாய் காலியாகத்தான் இருந்தது. ஆனால் புது வாடிக்கையாளர் ஒருவர் எதிரில் நின்று, "இவர்கிட்டதான் நல்லா தைப்பாங்கன்னு சொன்னாங்க," என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் பட, பேரம் பேசும் கஞ்சனாகத் தெரிய மனம் வரவில்லை. "மாத்துங்க, மாத்துங்க. பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்றார். போனை வைத்த பிறகு கவலைப்பட ஆரம்பித்தார்.

சாயங்காலம் ஷோரூமுக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, உட்கார்ந்தால் விழுங்கிவிடும் சோபா. காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். இந்தக் காப்பி இலவசமா, பில்லில் வருமா என்று தெரியாமல் பாதி குடித்து மீதியை வைத்துவிட்டார். அப்போதுதான் பில் வந்தது, அகலமான காகிதத்தில் இரண்டு பக்கம். ஆயில், செயின், ஷூ, கேபிள், லேபர், வாட்டர் வாஷ், பாலிஷ், பழைய ஆயிலை அப்புறப்படுத்தும் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் லேபர் கட்டணத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். மொத்தம் பதினேழு பேன்ட். மச்சினனுக்கு எட்டரை வருஷம் தைத்துப் போட வேண்டிய பேன்ட்டுகள் ஒரே நாளில் இரண்டு பக்கக் காகிதத்தில் போய்விட்டன.

"முதல்ல வண்டியைப் பார்க்கணும்," என்றார் எழுந்து.

வண்டி பளபளவென்று நின்றது, சொந்த வண்டி என்றே நம்ப முடியவில்லை. அவர் நோட்டைப் பிரித்தார், குனிந்தார். ஒன்றாம் நம்பர் அடையாளம், டாங்கிக்கு அடியில், இல்லை. இரண்டு, சக்கரத்தின் உள்விளிம்பு, இல்லை. தரையில் முழங்கால் போட்டு, பக்கவாட்டில் படுத்து, கழுத்தைத் திருப்பி நாற்பத்தொன்றையும் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வண்டி முழுக்க மாத்திட்டீங்களே!"

அந்தக் கூச்சலில் சோபாவில் இருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். புது வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. அட்வைசர் ஓடிவந்தார், பின்னாலேயே மேனேஜர் வந்தார்.

"சார், பில்லுல இருக்கறதைத்தான் சார் மாத்தினோம்."

"பொய்! நான் நாப்பத்தியொரு இடத்துல அடையாளம் போட்டிருந்தேன். ஒண்ணுகூட இல்ல. என் சக்கரம் எங்க? என் டாங்கி எங்க? வெறும் ஓட்டை வண்டியைக் கழுவிக் குடுத்துட்டு, பதினேழு பேன்ட் கேக்கறீங்களா?"

"எத்தனை பேன்ட் சார்?" என்றார் மேனேஜர் குழம்பி.

"அதை விடுங்க!"

"என்ன அடையாளம் சார் போட்டீங்க?"

"அதெல்லாம் திருடன்கிட்டச் சொல்லுவாங்களா?"

மேனேஜர் பொறுமைசாலி. சண்டை போடுகிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகிய குரல் அவருக்கு. "சார், நீங்க எங்களை நம்பமாட்டீங்க. சரி. இந்த வண்டியை முன்னாடி பார்த்துக்கிட்ட மெக்கானிக்னு ஒருத்தர் இருப்பாருல்ல? அவரைக் கூப்பிடுங்க. இது பழைய சக்கரமான்னு அவர் ஒரு பார்வையில சொல்லிடுவாரு."

தையல்காரருக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஊரில் இத்தனை மெக்கானிக் இருக்க, அந்த வண்டியின் அந்தரங்கம் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். ஓரமாக நகர்ந்து, மனைவிக்குப் போன் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் தம்பியைக் கொஞ்சம் ஷோரூமுக்கு வரச் சொல்லு. என் வண்டியைக் கழட்டித் தின்னுட்டாங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாத."

இரண்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அப்போதுதான் வந்தது. "நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் சொல்லுவேன், இஷ்டமிருந்தா இருங்க, இல்லாட்டி அந்த வண்டியைத் தள்ளிக்கிட்டே வீடு வந்து சேருங்க."

பதினைந்து நிமிஷத்தில் மச்சினன் வந்துவிட்டான். கடையைப் போட்டது போட்டபடி விட்டு வந்தவன்போல, சட்டையெல்லாம் எண்ணெய். ஆள் கொஞ்சம் வாடித் தெரிந்தான். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் போய், சுற்றி வந்து, ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"டாங்கி இதேதான். இந்த ஒடுக்கு நான் தட்டி நிமித்தினது. சக்கரம் இதேதான், இந்தக் கம்பி ரெண்டும் நான் மாத்தினது, நிறம் வேற. சைலன்ஸருக்கு அடியில வெல்டிங் என் கை." நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்துச் சொன்னான். "எல்லாம் எங்க மாமா வண்டிதான்."

பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் அவன் வாயில் 'எங்க மாமா' என்றுதான் வந்தது. தையல்காரருக்கு மனசு நெகிழ்ந்தது. ஆனால் நாற்பத்தொரு அடையாளத்தை விட முடியுமா?

"அப்ப நான் போட்ட அடையாளம்?" என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

"எதால போட்டீங்க?" என்றான் மச்சினன், அவனும் யாரையும் பார்க்காமல்.

"சாக்பீஸால."

ஓரத்தில் ரப்பர் செருப்போடு நின்ற வாட்டர் வாஷ் ஆள்தான் வாயைத் திறந்தார்.

"சார், காலையில முதல் வேலையா நான்தான் தண்ணி அடிச்சேன்."

சிரிப்பு அட்வைசரிடம் ஆரம்பித்து சோபா வரைக்கும் போனது. மேனேஜர் திரும்பி நின்று இருமினார். தையல்காரர் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். வெட்கத்தில் காது சுட்டது. சிரிக்காமல் நின்றவன் மச்சினன் ஒருவன்தான். மாமாவைப் பார்த்து ஊர் சிரிப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தானாடாவிட்டாலும் தசை ஆடுமே! பில்லைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு நின்றான்.

"இருங்க, இருங்க. சிரிக்கறது அப்புறம். செயின், சரி, அது தேஞ்சதுதான். பிரேக் ஷூ, சரி. ஏர் ஃபில்டர் எதுக்கு மாத்தினீங்க? அது நல்லாத்தானே இருந்துச்சு? விவரம் தெரியாதவர்னு ஏமாத்தறீங்களா?"

அட்வைசர் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், கழற்றிய பழைய பாகங்கள். அதிலிருந்து ஏர் ஃபில்டரை எடுத்து நீட்டினார். கரியாகக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பூச்சி கூடு கட்டிக் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

"வண்டி இருமினதுக்குக் காரணமே இதுதாங்க. ரெண்டு வருஷமா இதை யாரும் திறந்தே பார்க்கல. முன்னாடி யாருங்க பார்த்துக்கிட்டது?"

மச்சினன் ஃபில்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். கையைச் சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். ஊரான் வண்டி என்றால் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுகிறவன். மாமா வண்டிதானே என்று ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டு, சாப்பாடு ஆறிவிடும் என்று கிளம்பியிருக்கிறான்.

இரண்டு மாதமாகத் தையல்காரர் இப்படி ஒரு நிமிஷத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. 'என் அளவு தப்புன்னியே, உன் வேலை லட்சணம் என்ன?' என்று ஒரு கேள்வி போதும், இங்கே இருக்கிற கூட்டம் அவன் பக்கம் திரும்பிச் சிரிக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தனக்காகச் சண்டைக்கு வந்தவன் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

"மாப்ள," என்றார். "அந்தப் பேன்ட்டுக்கு நான் அளவே எடுக்கல."

"என்னது?"

"உனக்கு எதுக்கு டேப்புன்னு பழைய நோட்டைப் பார்த்து வெட்டிட்டேன். உன் வயித்து மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பெல்லாம் என் மேலதான்."

மச்சினன் கரைந்து காலில் விழுவான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவனுக்கு வந்ததே கோபம், ஷோரூம் கண்ணாடி அதிர்ந்தது.

"ரெண்டு மாசம் மாமா! ரெண்டு மாசமா ராத்திரி சாப்பிடல நான்! விடிஞ்சா எழுந்து ஓடறேன், நாயெல்லாம் துரத்துது! முப்பது வருஷமா அளவெடுக்கற மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் வயிறு போட்டிருச்சுன்னு கண்ணாடியில பார்த்துப் பார்த்து அழுதேனே!"

"நீ கோவத்துலதானே வீட்டுக்கு வரல?"

"கோவம் ஒரு வாரத்துல போயிடுச்சு. அக்கா தட்டுல போட்டா வேணாம்னு சொல்லி எனக்குப் பழக்கம் இருக்கா? அதான் வரல." சட்டையைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க, நல்லாப் பாருங்க!"

இடுப்பில் அதே பேன்ட்தான். பித்தான் போட்டிருந்தது. துணி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாலும் போட்டிருந்தது. அவர் தப்பாக வெட்டிய துணிக்குள் அவன் தன் உடம்பையே குறைத்து நுழைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். இவர் வார்த்தை பொய்யாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மேனேஜர் மெல்ல, "சார், பில்லு..." என்றார்.

பதினேழு பேன்ட்டையும் மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்தார். சண்டையெல்லாம் முடிந்த இடத்தில் பேரம் பேச அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் காப்பியைப் பற்றி மட்டும் மறக்காமல் கேட்டார், அது இலவசம்தானாம். மீதிக் காப்பியையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டி ஒரே உதையில் எழுந்தது. மச்சினன் பின்னால் ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "நல்லாத்தான் பண்ணிருக்கானுங்க," என்று வேண்டா வெறுப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி திட்ட ஆரம்பித்தான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் முதலில் அவன் கன்னத்தைத்தான் பார்த்தாள். "என்னடா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட?" என்று அவள் குரல் உடைந்தது. பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?"

தையல்காரர் மச்சினன் கையில் தன் கைலியைக் கொடுத்து, பேன்ட்டைக் கழற்றித் தரச் சொன்னார். மிஷின் முன்னால் உட்கார்ந்து பின்தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். உள்ளே இரண்டு இஞ்ச் துணி மடிந்து கிடந்தது.

"நீ சோத்தை எடுத்து வை. அவன் சாப்பிடட்டும், சாப்பிட்டு முடிச்சப்புறம் அளவெடுக்கறேன்," என்றார்.

அன்றைக்கு மச்சினன் நாலு தடவை போடச் சொல்லிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து நின்றவனுக்கு, அவர் இரண்டு தடவை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்.